நான்கு மாத விதை

என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்தே தவறான விதைக்கிழங்கைக் கொடுத்தேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மாதனூர்ப் பக்கம் யாரும் உருளைக்கிழங்கு போடுவதில்லை. இங்கே குளிர் என்பது கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடிய, அவ்வளவுதான். இரவு குளிர்ந்தால்தான் மண்ணுக்குள் கிழங்கு கட்டும். மாசி வெயில் வந்துவிட்டால் செடி மட்டும் தழைக்கும். அதனால் எழுபத்தைந்து, எண்பது நாளில் முடிகிற இனமாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஓசூரிலிருந்து அப்படி ஒரு விதையை வரவழைத்து, முளை விடவைத்து, மழை ஓய்ந்ததும் நட்டு, ஐந்து வருடம் நல்ல கிழங்கு எடுத்திருந்தேன். தெருவே வந்து பார்க்கும். ஓய்வுக்குப் பிறகு என்னிடம் மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

அந்தப் பெண் ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தவள். கணவர் இல்லை, படிக்கிற மகள் ஒருத்தி. மூச்சிழுப்பு வந்து, அந்த வாடையே இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டு, வீட்டுக்குப் பின்னால் கீரையும் கத்தரியும் போட்டாள். என் கத்தரியைவிட அவளுடையது நன்றாகக் காய்த்தது. அதை இரண்டு பேர் என் காதுபடவே சொன்னார்கள்.

"சார், எனக்கும் உருளை விதை குடுங்க. தையில எடுத்து ஆம்பூர்ல வித்துட்டேன்னா, கம்பெனி பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

ஊட்டி நண்பர் ஒருவர் கொடுத்த விதை அப்போது ஒரு மூட்டை இருந்தது. நான்கு மாத இனம், மலைக்கு ஏற்றது. அதைக் கொடுத்தேன்.

"உங்களுது மாதிரியேதானே சார்?"

"அதேதாம்மா."

கீரையை அழித்து, இடம் முழுக்க அதையே நட்டாள். தையில் நான் என் கிழங்கைத் தோண்டும்போது வேலியோரம் வந்து நின்றாள். "இன்னா சார், எனக்குத் தழை மட்டும் ஜோரா வருது. இத ஆடு கூட திங்காதே," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மாசிக் கடைசியில் அவள் தோண்டியபோது நெல்லிக்காய் அளவில் கொஞ்சம் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். பழைய பிரிவிலேயே போட்டார்கள்.

அவள் இருமுவது எங்கள் சமையலறை வரை கேட்கும். எட்டு மாதம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடமிருந்த ஓசூர் விதை முழுவதையும் அவள் வாசலில் இறக்கிவைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"தெரிஞ்சேதான்."

"நான் இன்னா பண்ணேன் சார் உங்களுக்கு?"

"உன் கத்தரிக்காய் என்னுதைவிட நல்லா இருந்துச்சும்மா."

அவள் மறுபடியும் துணியைக் கசக்கத் தொடங்கினாள்.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நானே நட்டேன், மண் அணைத்தேன், தண்ணீர் விட்டேன். தையில் நல்ல கிழங்கு வந்தது. வேலையை விட்டுவிடு, வருஷா வருஷம் நான் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"உங்க பேச்ச நம்பி இன்னொரு தடவையா சார்?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

சித்திரையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூச்சு முட்டி விழுந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் கம்பெனி அவளைச் சேர்க்கவில்லை. அவளால் இப்போது குனிந்து களைகூட எடுக்க முடியாது. மகள் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷூ கம்பெனிக்குப் போகிறாள்.

அந்த இடத்தில் இந்த வருடமும் நான்தான் நட்டேன். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னும் கொஞ்சம் ஆழமா வைங்க சார்," என்றாள்.