அரசாங்கத்திலிருந்து பேசுகிறேன்

அரசாங்க ஆபீசில் யாரும் ஃபோனை எடுப்பதில்லை என்று ஊரெல்லாம் புகார். என் வேலையில் கதை தலைகீழ், நான் கூப்பிட்டால் ஊர் எடுப்பதில்லை.

டெல்லியில், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களின் மருத்துவ அட்டைகளைக் கவனிக்கும் ஓர் ஆபீசில் நான் உதவியாளர். போன வருஷம் பழைய கட்டிடத்திலிருந்து கண்ணாடிக் கட்டிடத்துக்கு மாறினோம். காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அட்டையைப் புதுப்பிக்க இனி யாரும் அலைய வேண்டாம், நாங்களே கூப்பிடுவோம், அவர்கள் ஃபோனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால் போதும், வேலை முடிந்தது. யோசித்தவர் நல்ல மனசோடுதான் யோசித்திருக்கிறார். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அதே அரசாங்கம் இன்னொரு பக்கம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மேஜைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

லோன் வேண்டாம்

நான் ஒரு நம்பரைப் போட்டால், மணி அடிப்பதற்கு முன்னால் என் காதில் ஓர் அறிவிப்பு ஓடும். அதிகாரி என்று சொல்லிக்கொண்டு யாராவது பேசினால் நம்பாதீர்கள் என்கிறது. என்னை நம்பாதே என்று எனக்கே சொல்கிறார்கள். நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு எனக்கே என்மேல் லேசாகச் சந்தேகம் வர ஆரம்பித்துவிட்டது.

அதையும் தாண்டி எடுப்பவர்கள், மரியாதையான ஒரு பெண் குரலைக் கேட்டதும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள். ஊரில் பணம் பெருகப் பெருக, அதைக் கடனாக விற்கிறவர்களும் திருடுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். இரண்டு பேருமே தேன் ஒழுகப் பேசுகிறார்கள். ஜனக்புரியில் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாள் ஒருவர், நான் "நமஸ்தே ஜி" சொல்லி முடிப்பதற்குள் இந்தியில் சொன்னார்: "வேண்டாம் மகளே, இந்த வீட்டில் ஆளுக்கொரு லோன் இருக்கிறது. நான் ஒருத்தியாவது நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறேன்."

தமிழில் பேசிய குற்றம்

துவாரகாவில் மகன் வாங்கிய ஃபிளாட்டில் இருப்பவர் வைத்தியநாதன் சார். ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கரோல் பாக் வாடகை வீட்டில் பாதி ஆயுளைக் கழித்த குடும்பம். அவர் மனைவி அலமேலு அம்மாளுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து அனுமதி கேட்டு எங்களுக்குக் கோரிக்கை வந்துவிட்டது. அனுமதி கொடுக்கலாம் என்றால் அவர்கள் அட்டை காலாவதி ஆகியிருந்தது. ஓடிபி கிடைத்தால் அட்டை புதிதாகும், அனுமதி போகும், ஆபரேஷன் நடக்கும். அவ்வளவுதான் விஷயம்.

பெயரைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்தது. நம்ம ஊர்க்காரர், இந்தியில் ஏன் இழுக்க வேண்டும் என்று தமிழிலேயே வணக்கம் சொன்னேன். நான் விருதுநகர்ப் பக்கம். பேச்சிலேயே தெரிந்துவிடும். அம்மா உடம்பு எப்படியிருக்கு சார் என்று விசாரித்தேன். அவர் ரொம்ப நிதானமாகக் கேட்டார்: "நானும் கவர்மெண்ட்ல குப்பை கொட்டினவன்தாம்மா. எந்த ஆபீஸ்லேருந்து தமிழ்ல பேசி ஆத்துக்காரி சௌக்கியமான்னு கேப்பா?"

ஒரு புகார்

அதற்குப் பிறகு அவர் எடுப்பதை நிறுத்திவிட்டார். கடிதம் போடலாமே என்பீர்கள். புது ஆபீசில் காகிதம் கிடையாது. மெயில் அனுப்பினேன், குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். இரண்டாவது நம்பரிலிருந்தும் அதே குரல் வந்தால் எந்த மனுஷனுக்குத்தான் நம்பிக்கை வரும்?

ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஒரு புகார் இறங்கி வந்து என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது. எழுதியவர் வைத்தியநாதன் சார். பழைய செக்‌ஷன் ஆபீசர் ஆங்கிலத்தில், பத்தி பத்தியாக, எங்கள் அலட்சியத்தைக் கிழித்திருந்தார். படிக்கப் படிக்க எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசி வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தங்கள் அலுவலகத்திலிருந்து இதுவரை ஒருவரும் என்னைத் தொடர்புகொள்ளவில்லை, மோசடிக்காரர்கள் மட்டும் தவறாமல் கூப்பிடுகிறார்கள்."

டெலிவரி

புகாருக்கு நான் போட்ட பதிலையும் அவர் நம்பவில்லை. நேரிலேயே போய்விடுவோம் என்று ஒரு சனிக்கிழமை மெட்ரோ ஏறினேன். அவர்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் கேட்டில் காவலாளி கையில் ஃபோன் வைத்திருந்தார். உள்ளே போகிறவர்களை அதில் பதிய வேண்டும். விருந்தாளி, டாக்சி, வேலைக்காரம்மா, டெலிவரி என்று நாலைந்து பட்டன்கள் இருந்தன. அடையாள அட்டையை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரி அட்டையை இங்கே கடைவீதியில் லேமினேஷனோடு போட்டுத் தருகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசியில் டெலிவரி என்று பதிந்து என்னைப் படம் பிடித்து மேலே அனுப்பினார். வேண்டாம், கேட்டிலேயே வைத்துவிடச் சொல் என்று மேலேயிருந்து பதில் வந்தது. எதை வைப்பது? என்னைத்தான் வைக்க வேண்டும். காவலாளி நல்ல மனுஷன். ஸ்டூலைத் தள்ளிப் போட்டு இந்தியில் ஆறுதல் சொன்னார்: "வருத்தப்படாதீங்க மேடம், இந்த ஆப்பில் சர்க்காருக்குப் பட்டனே கிடையாது."

முகம் பொருந்தவில்லை

ஜனங்கள்தான் எங்களை நம்புவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாங்களும் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. நேரில் வருகிறவர்கள் கேமரா முன்னால் கண் சிமிட்டித் தாங்கள்தான் தாங்கள் என்று காட்ட வேண்டும். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற டீச்சர் வந்தார். எவ்வளவு சிமிட்டியும் 'முகம் பொருந்தவில்லை' என்றே திரை சொன்னது. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த ரெட்டைச் சடைப் படத்தோடு ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? எங்கள் செக்‌ஷன் ஆபீசர் தஹியா ஜி திரையை நம்பினார், எதிரே நின்றவரை நம்பவில்லை. வேறு சான்று கொண்டு வாருங்கள் என்றார்.

டீச்சர் ஃபோனை எடுத்து எங்களை வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். தலைக்கு மேலே எங்கள் கேமரா அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சுவர், தோல் சோபா, தொட்டிச் செடி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நானும் இந்த ஆபீஸை அந்தக் காலத்துல பார்த்தவதான். இதுக்கும்தான் மூஞ்சி பொருந்தல, நான் ஏதாவது கேட்டேனா?"

லஞ்ச் டைமில் வராதீங்க

மாதக் கடைசியில் தஹியா ஜி நிலுவையைத் துடைப்பார். வைத்தியநாதன் சாரின் கோரிக்கையை 'பதில் இல்லை' என்று போட்டு மூடப் போவதாகச் சொன்னார். மூடினால் ஆஸ்பத்திரி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை என்பது, டாக்டர் எழுதியிருந்ததைப் படித்த எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. அவகாசம் கேட்டுப் பார்த்தேன். தஹியா ஜிக்கு ஆளே போலி என்று சந்தேகம். நிஜமான ஆளாக இருந்தால் இந்நேரம் நேரில் வந்து சண்டை போட்டிருப்பான், நாளை வரைதான் பொறுப்பேன் என்றார்.

சாயங்காலத்துக்குள் எத்தனையோ முறை கூப்பிட்டேன். தொல்லை தாங்காமல் ஒரு தடவை எடுத்துவிட்டார். "ஏம்மா, உனக்கு வெக்கமா இல்லையா? படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே" என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்த மரியாதை எல்லாம் பறந்துபோயிற்று.

"யோவ், உங்க கார்டு செத்துப்போனா எனக்கென்ன? நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல ஆபீசுக்கு வாங்க. ஒரிஜினல் எல்லாம் வேணும், ரெண்டு செட் செராக்ஸ் வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் திருப்பி அனுப்பிருவேன். லஞ்ச் டைம்ல வந்து நின்னு உயிரை எடுக்காதீங்க." செராக்ஸ் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

அவர் குரலே மாறிப்போய், எத்தனையாவது மாடி, செராக்ஸில் கையெழுத்துப் போட வேண்டுமா என்று பவ்யமாகக் கேட்டார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். வர வேண்டாம் என்று நான் சொல்லாததால் அந்த அம்மாளும் வந்திருந்தார். லிஃப்டிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிபியை என்னிடம் சொல்ல மாட்டேன் என்று வைத்தியநாதன் சார் கையால் மறைத்துக்கொண்டு தானே தட்டினார். கேமராவும் அன்று தகராறு செய்யவில்லை, அட்டை புதிதாயிற்று. தஹியா ஜி அங்கேயே அனுமதியும் போட்டார்.

அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். வைத்தியநாதன் சார் செராக்ஸ்களை எண்ணி அடுக்க ஆரம்பித்தார். அலமேலு அம்மாள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ தன்மையா பேசினப்போல்லாம் இவர் பயந்துண்டு தூங்கவே இல்லைடீம்மா. நேத்திக்கு நீ கத்தினப்புறம்தான், அப்பாடா, நம்ம கவர்மெண்ட்தான்னு சொல்லிட்டு நிம்மதியா தூங்கினார்."

இப்போதெல்லாம் யாருக்காவது உண்மையிலேயே உதவ வேண்டுமென்றால், முதலில் கொஞ்சம் எரிந்து விழுந்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறேன்.