ஏற்கெனவே மை பட்ட விரல்

சாக்கடை அடைத்துக்கொண்டு, மழையே இல்லாமல் எங்கள் சந்தில் ஒரு வாரமாகத் தண்ணீர் நின்றது. பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து கட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னோம். அங்கே இருந்தவர் கோபப்படவில்லை, சிரித்தார். "கர் தோ பஹுத் ஹை பாபி, வோட் கித்னா ஹை?" என்றார். வீடு நிறைய இருக்கிறது அண்ணி, ஓட்டு எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார். தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். குடியிருப்பது இங்கே, ஓட்டு மட்டும் ஊரில். தேர்தல் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுவார்கள்.

என் கணவரும் அப்படித்தான். தோல் பை தைக்கிற பட்டறையில் தோல் வெட்டுபவர். மீசை முளைக்கும் முன்பே பம்பாய்க்கு வந்தவர். ஆனால் ஓட்டுப் போடவும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகாமல் இருந்ததில்லை. நான் கூடப் போனதில்லை. தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். "எனக்கு அங்க என்ன வேல?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவர் பையை மட்டும் கட்டிக்கொடுப்பேன்.

அந்த வருடம் நாடாளுமன்றத் தேர்தல் தமிழ்நாட்டில் முதலில் நடந்தது. மும்பைக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். கட்சிக்காரர் சிரித்த சிரிப்பு எனக்கு மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு சேலைக்கடையில் எனக்கு வேலை. புதுச் சரக்கு வந்தால் போனில் வீடியோ எடுத்துப் போடுவதும் என் பொறுப்புதான். சேலைக்கு எடுக்கிற வீடியோவை ஓட்டுக்கு எடுத்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் நானே பேசிப் பார்த்தேன். தள்ளுபடி விலையில் ஓட்டு விற்கிற மாதிரி இருந்தது. என் கணவருக்கோ நல்ல குரல். ஊரில் ஓட்டு வைத்திருக்கிற மனிதரைப் பிடித்து, இங்கே ஓட்டுப் போடுங்கள் என்று பேச வைக்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. பட்டறையில் போய் அவரை நிற்க வைத்தேன். சும்மா நின்றால் விறைப்பாக இருக்கிறதென்று வலது கையில் கத்தரியைக் கொடுத்தேன். அவரும் பாவம், சொன்னபடி செய்தார். "இருக்குற எடத்துல ஓட்டு இருந்தாத்தான் நம்மள மனுசனா மதிப்பான். இங்க ஓட்டுப் போடுங்க!" என்று சொல்லி விரலை உயர்த்தினார். வலது கையில் கத்தரி இருந்ததால் உயர்ந்தது இடது கை.

வீடியோவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் சாப்பிட உட்கார்ந்து போனைத் திறந்தால் கீழே ஒரே சிரிப்பு. "மாமா, பம்பாய்ல இன்னும் தேர்தலே வரலியே, மை யாரு வச்சா?" என்று ஒருவன். "விரல் ஊருக்கு, வாய் பம்பாய்க்கு" என்று இன்னொருவன். படத்தை நிறுத்திப் பார்த்தேன். நகத்தோரம் கறுப்பாக, ஊரில் வைத்த மை. எனக்கு மானமே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவை அழித்துவிடலாம் என்றேன். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழிக்காதளா. உள்ளதச் சொல்லிருவோம்" என்றார்.

இரண்டாவது வீடியோவில் கத்தரி இல்லை. வீட்டு வாசலில், தேங்கிய தண்ணீரில் செங்கல் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு பேசினார். "இந்த மை ஊர்ல வச்சதுதான். அங்க பஸ்ஸ விட்டு எறங்குனா இன்னாரு மவன் வந்துருக்கான்னு சொல்லுவாவ. இங்க என்னைய யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் போனேன். ஆனா எம் பொண்டாட்டி இந்தத் தண்ணிய மிதிச்சுதான் தெனமும் வேலைக்குப் போறா. அடுத்த தடவ என் ஓட்டு இங்கதான்." இத்தனை வருடத்தில் அவர் இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

வீடியோ தாராவியோடு நிற்குமா? ஊருக்கும் போனது. மறுநாளே அவருடைய அண்ணன் கூப்பிட்டார். "ஏலே, அப்பம் இனிமே நீ பம்பாய்க்காரந்தானா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இவர் திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அன்று இவர் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. இருந்த ஒரு ஊரையும் இவரிடமிருந்து பிடுங்கிவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

ஆனாலும் சொன்ன சொல் மாறவில்லை. ஓட்டை இங்கே மாற்றிக்கொண்டார். அந்த வருடக் கொடைக்கு அண்ணனிடமிருந்து அழைப்பு வரவில்லை, இவரும் போகவில்லை. பட்டறைக்குப் போவார், வருவார், ஊர்ப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்.

மாநகராட்சித் தேர்தல் வந்தபோது இருவரும் ஒன்றாக நடந்தே போனோம். எங்கள் சந்திலிருந்து அன்று நிறையப் பேர் வரிசையில் நின்றார்கள். வெளியே வந்ததும் இவர் புது மை வைத்த விரலைப் படம் எடுத்து, எதுவும் எழுதாமல் அண்ணனுக்கு அனுப்பினார். பகல் முழுக்கப் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனின் குரல் பதிவு வந்தது. இவர் அதை அமுக்கத் தயங்கினார். நான்தான் அமுக்கினேன்.

"பாத்தேம்ல. ஓட்ட எங்க வேணாலும் போட்டுக்க. கொடைக்கு வருவியா, மாட்டியா?"

இவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் கூட்டி வைத்தார், அக்கம்பக்கத்துக்கும் கேட்கட்டும் என்பது மாதிரி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிக்கெட் போடுளா" என்றார்.

எனக்கும் சேர்த்துப் போட்டேன்.