மூன்றாம் பந்தி

அந்தப் பெண்ணின் மீனில் பிழை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை நன்றாக அறிந்துகொண்டே, ஒரு ஊர் முழுவதும் கேட்க, மைக்கைப் பிடித்து "நிச்சயம்" என்று சொன்னேன். அது நான் செய்த குற்றம். அதற்கு யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் தண்டித்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்த காலம். யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, ஐஸும் இல்லை. கரையோரப் பகுதி ஒன்றுக்கு நான் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். கிணறுகளுக்குக் குளோரின் போடுவதும் சாப்பாட்டுக் கடைகளைப் பார்ப்பதும் என் வேலை. அங்கே ஒரு மாதா கோயில் பெருநாள். பூசை முடிந்ததும் கோயில் வளவுக்குள் பந்தல் போட்டு எல்லாருக்கும் சோறு, மீன் குழம்பு, தேங்காய்ப்பால் சொதி. மூன்று பந்தியாக இருத்திப் பரிமாறினார்கள். மீன் கொடுத்தவள் அதே கோயில் பங்கைச் சேர்ந்த மீன்காரி. சந்தையில் நல்ல பெயர் எடுத்தவள். காலையில் அவளுடைய பாரை மீன் கூடைகள் சமையல் கொட்டிலுக்கு வெளியே வெயிலில் இருந்ததை நான் கண்டிருந்தேன்.

பின்னேரம் மூன்று மணியளவில் சனம் சத்தி எடுக்கத் தொடங்கியது. பிறகு வயிற்றோட்டம். நான் சைக்கிளில் போய் இறங்கியபோது வளவே கலங்கிப் போயிருந்தது.

"கிணத்துக்குள்ளை நஞ்சு போட்டிட்டாங்களாம்!"

யார் சொன்னதென்று தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் அப்படி ஒரு கதை பரவ ஒரு நிமிடம் போதும். ஒருவர் கிணற்றுக் கயிற்றை அறுத்து வாளியைத் தூர எறிந்தார். தண்ணீர் குடித்தே ஆகவேண்டிய நோயாளிகள், கொடுத்த தண்ணீரைத் தட்டிவிட்டார்கள். எனக்குப் பயம் பிடித்தது. பங்குச் சுவாமியார் என் கையில் மைக்கைத் தந்தார். பற்றறியில் ஓடிய ஒலிபெருக்கி.

"கிணறு சுத்தம். நானும் அதிலைதான் குடிச்சனான். பயப்படாமல் குடியுங்கோ" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கலாம். தண்ணீரைச் சோதிக்கும் மருந்து எங்கள் கந்தோரில் முடிந்துவிட்டது என்ற உண்மையையும் சொல்லியிருக்கலாம்.

"அப்ப என்னத்தாலை ஐயா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"மீன். வெய்யிலிலை வைச்ச மீன். நிச்சயம்."

கூட்டம் அடங்கியது. தண்ணீர் குடித்தார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் எல்லாரும் எழும்பி நடந்தார்கள். அதுவே என் சொல்லுக்குச் சாட்சி ஆயிற்று. மீன்காரியிடம் வாங்க ஆள் இல்லாமல் போனது. சந்தையில் அவள் இருந்த இடத்தில் வேறொருத்தி கூடையை வைத்தாள்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு வீட்டுக் கிணற்றுக்குக் குளோரின் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வேலியோரம் நின்று பெருமை அடித்தார்.

"பெருநாளண்டு பாரைத் தலை முழுக்க நான்தான் திண்டனான். எனக்கு ஒரு சொட்டுப் பிழையும் வரேல்லை."

"நல்ல வயிறு, அண்ணை."

"வயிறில்லை, மூளை! நான் எப்பவும் முதல் பந்தியிலை குந்திடுவன்."

கையிலிருந்த வாளியை அப்படியே வைத்துவிட்டேன். முதல் பந்தி! அன்று படுத்துக் கிடந்த எல்லாரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்டிருந்தேன். எந்தப் பந்தியில் இருந்தீர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய மடமை, வயிற்று வருத்தம் வராதவர்களிடம் நான் எதையுமே கேட்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் வேறு வேலை பார்க்கவில்லை. சைக்கிளும் கொப்பியுமாக வீடு வீடாக ஓடினேன். ஒரு பக்கத்தில் பந்தி, மறு பக்கத்தில் சாப்பாடு என்று கோடு போட்டேன். முதல் பந்தியில் நான் கண்ட எவருக்கும் வருத்தம் இல்லை. மீன் குழம்போ எல்லாப் பந்திக்கும் ஒரே கிடாரத்தில் காய்ச்சியது. மூன்றாம் பந்தியில் பாதிக்கு மேல் படுத்திருக்கிறார்கள். அந்தப் பந்தியிலேயே, நேர்த்திக்கடனுக்காக மச்சம் சாப்பிடாத அக்கா தங்கை இருவர், மீனைத் தொடாமலே சத்தி எடுத்திருந்தார்கள்! அதைக் கேட்டதும் தெருவில் நின்று நானே கையைத் தட்டினேன். எதிரே வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சமையல்காரர் தலையைச் சொறிந்தார். "கூட்டம் கூடிப்போச்சு ஐயா. காலமை புழிஞ்ச தேங்காய்ப்பால் மிச்சம் இருந்தது. கடைசிப் பந்திக்குச் சொதியிலை அதைக் கலந்தனாங்கள். விறகு முடிஞ்சுது, கொதிக்க விடேல்லை."

சொதி! துள்ளிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். பாதி வழியில் கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். இரண்டாம் பந்தியில் ஒருவர், சொதி தொடாமல் சோறும் மீனும் மட்டும் தின்று, வயிற்றோட்டத்தில் கிடந்திருக்கிறார். அவர் மறந்து சொல்கிறாரா? ஐந்து மாத ஞாபகம். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மீன்காரி வீட்டு முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். புருசன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிரவே இல்லை.

"அப்ப அதே மைக்கிலை சொல்லுங்கோ. மீன் இல்லை, நிச்சயம் எண்டு."

"அப்பிடிச் சொல்லேலாது அக்கா. அனேகமாச் சொதிதான். ஆனா மீன் இல்லவே இல்லையெண்டு..."

இப்போது நிமிர்ந்தாள். "என்னை விழுத்தேக்கை நிச்சயம் எண்டு சொல்லி விழுத்தினியள். தூக்கேக்கை மட்டும் 'அனேகமா'வோ?"

புருசன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"ஐயா படிச்ச ஆள். கடலுக்குப் போறவனிட்டை இண்டைக்கு என்ன மாதிரி எண்டு கேட்டால் நிச்சயம் எண்டோ சொல்லுவான்? போகலாம், மேற்கை கறுத்தால் திரும்பு எண்டுதான் சொல்லுவான். அதைக் கேட்டு ஊரே தொழிலுக்குப் போகுது. உங்கடை சொதிக்கதையையும் அப்பிடிச் சொன்னால் சனத்துக்கு விளங்காதோ?"

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு சுவாமியாரிடம் அனுமதி கேட்டு மைக்கைப் பிடித்தேன். அன்று நான் சொன்னது எனக்குத் தெரியாத விசயம் என்றேன். கண்டதைச் சொன்னேன்: முதல் பந்தி, மூன்றாம் பந்தி, மீன் தொடாத சகோதரிகள், கொதிக்காத பால். அனேகமாகச் சொதிதான் என்றேன். ஒத்துவராத அந்த ஒரு ஆளையும் மறைக்கவில்லை. "சொதி தொடாமல் மீன் மட்டும் திண்டு வருத்தம் வந்தவை இன்னும் நாலு பேர் இருந்தால் எழும்பிச் சொல்லுங்கோ. என்ரை எண்ணத்தை மாத்துவன்."

ஒருவரும் எழும்பவில்லை. பின்வரிசையில் ஒரு குரல்: "அப்ப அண்டைக்கு என்னத்துக்கு ஐயா மைக் பிடிச்சனீங்கள்?" கோயிலே சிரித்தது. நியாயமான கேள்வி.

மறு கிழமை அவள் சந்தைக்குத் திரும்பினாள். ஈரச் சாக்கு விரித்து, நிழல் பார்த்து இருந்தாள். வந்தவர்களிடம் தானே சொன்னாள்: "விடியக் கரைக்கு வந்த மீன். வெய்யில் ஏறினால் நான் விக்கமாட்டன், பிறகு வந்து கேளாதேங்கோ." பழைய ஆட்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வந்தார்கள். நானும் சனிக்கிழமைகளில் போவேன். செவிளை விரித்துக் காட்டி, "பாருங்கோ ஐயா, நிச்சயமோ?" என்று கேட்பாள். முதல் வருடம் அவள் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. பிறகு கொஞ்சம் வந்தது.

கோயிலுக்குப் பின்னால் இருந்த தெரு மட்டும், தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிடும் வரைக்கும் அவளிடம் வாங்கவில்லை. ஒருநாள் அங்கே ஒரு வீட்டுப் படலையில் நின்று ஏன் என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"ஐயா, மீன்தான் நிச்சயம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிறகு சொன்னது நிச்சயமில்லை எண்டதும் நீங்கள்தானே. அப்ப நாங்கள் எதை எடுக்கிறது?"

படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அதே கேள்வியோடு அடுத்த வீட்டுக்குப் போனேன்.