ஆசிட் ஊற்றும் நேரத்து வெல்லம்

கட்டைவிரல் அளவு வெல்லம் அது. எண்ணெய்க் கையில் வாங்கியதும் அதன் மேல் விரல் ரேகை கறுப்பாக விழுந்துவிடும். ரேகையோடுதான் தின்போம். போசரியில் நான் வேலை செய்யும் கொட்டகைக்கு கேரேஜ்களின் பழைய என்ஜின் ஆயில் பீப்பாய்களில் வரும். சுடவைத்துத் தண்ணீரைப் போக்கி, ஆசிட் ஊற்றிக் கலக்கி, கசடைத் தார்போல அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை வடிகட்டுவோம். கறுப்பாக வந்தது தேன் நிறத்தில் திரும்பிப் போகும். ஆசிட் ஊற்றும்போது எழும் புகை எங்கள் பங்கு. அந்த நேரம் பார்த்து வெல்லத் தட்டு வரும். "கூள் கா, சாத்தி சாஃப் ஹோதே" என்று மராத்தியில் சொல்வார் மாலக். முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். வெல்லம் தின்றால் நெஞ்சு சுத்தமாகிவிடுமாம்.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் அத்தான், என் அக்காவின் கணவர். நான் ஐந்தாவதோடு நின்றவன், யாரிடமும் முகம் பார்த்துப் பேசத் தெரியாதவன். எனக்காக மாலக்கிடம் பேசியதெல்லாம் அவர்தான். முதல் நாள் புகையில் நான் இருமிச் சுருண்டபோது, "வெல்லத்தக் கன்னத்துல அடக்கிட்டு நில்லுல மாப்ள. லட்டு மாதிரி கடிச்சு முழுங்குனா என்னத்துக்கு ஆவும்?" என்று சிரித்தார். அவர் அதை முழுதாக நம்பினார். இருமல் கூடக்கூட இரண்டு துண்டாக வாங்கிக்கொண்டார். துப்பினால் சளி கறுப்பாக வந்தது. "பாத்தியால, அழுக்க வெளிய தள்ளுது" என்றார்.

ஒரு நாள் சோதனைக்கு அதிகாரி வந்தார். அவர் வருமுன் ஆபீஸ் அலமாரி திறந்தது. உள்ளிருந்து ரப்பர் முகமூடிகள் வெளியே வந்தன. அவை அங்கே இருந்ததே எங்களுக்குத் தெரியாது. அத்தான் ஒன்றை மாட்டிக்கொண்டு ஆசிட் ஊற்றினார். அன்று அவர் இருமவில்லை. அதிகாரி போனதும் மாலக் கையை நீட்டினார். அத்தான் கழற்றவில்லை. இது என்னிடமே இருக்கட்டும் என்று இந்தியில் கெஞ்சினார். மாலக்குக் கோபமே வரவில்லை, சிரித்தார். "என்னடா, கல்யாணத் தலைப்பாகையா, கழட்ட மனசு வரல? உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பானுங்க. நீயும் உன் மச்சினனும் வேற எடம் பாத்துக்குறீங்களா?"

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு கழற்றி, உள்பக்கத்தைச் சட்டையால் துடைத்து, மாலக் கையில் கொடுத்தார். அன்று தட்டு வந்தபோது அவர் வெல்லம் எடுக்கவில்லை.

போபோடியில் அக்கா வீட்டில், மூச்சு வாங்கிப் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே அத்தான் உட்கார்ந்திருந்த நாட்களில், மாலக் ஒரு முறை பார்க்க வந்தார். கோலாப்பூர் வெல்லம், ஒரு முழு உருண்டை கொண்டுவந்தார். அக்கா டீ கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "மூஞ்சிக்கு மாட்டுறதக் கேட்ட மனுசனுக்கு வெல்லத்தத் தூக்கிட்டு வந்திருக்காரு. கரைச்சு மூக்குல ஊத்தவா?" என்றாள். அத்தான் சிரிக்கப் பார்த்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. அந்த உருண்டையை உடைக்கும் முன்பே போய்விட்டார்.

இப்போது கொட்டகையை மாலக்கின் மகன் பார்த்துக்கொள்கிறார். வெல்லம் காகிதம் சுற்றி வருகிறது. ஆர்கானிக் என்கிறார். முகமூடிகள் இன்னும் அலமாரியில்தான். எனக்கும் சளி கறுக்கத் தொடங்கியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை. கை நீட்டி வாங்கி, காகிதத்தைப் பிரித்து, கொட்டகையின் பின்சுவர் மேல் வைத்துவிடுகிறேன். சுவரை ஒட்டித்தான் ஆசிட் கசடு கொட்டும் மண். நேற்று வைத்தது இன்றும் அப்படியே இருந்தது, மேலே என் விரல் ரேகையோடு. ஓர் எறும்புகூட அதைத் தேடி வரவில்லை.