முகத்துவாரத்தில் கோல் பிடித்தவர்கள்

இது எனக்கு நடந்தது. ராத்திரியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. தை மாதத்து வெயிலில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஊர்ப் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேல் கிடக்கிற ஒரு குப்பம், அவ்வளவுதான் சொல்வேன். அன்று கோல் பிடித்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

1982-ஆம் வருடம். ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தேன். அங்கே தச்சு வேலை சொல்லிக்கொடுத்த ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர்தான் எனக்கு அலைச்சறுக்குப் பழக்கினார். ஊருக்குத் திரும்பும்போது தன் பலகையை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. மலை மேல் காப்பித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அலைக்காக ஏங்குகிறவனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது.

லீவு விட்டால் போதும். பலகையைச் சாக்கில் சுற்றி பஸ் மேல் ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுவேன். கோவளத்தில் அலை எழுந்த இடத்திலேயே மடிந்து விழுந்தது. தரங்கம்பாடியில் கல். ராமேஸ்வரத்தில் கடல் குட்டை மாதிரி கிடந்தது. எனக்கு வேண்டியது ஒரு முனையில் உடைய ஆரம்பித்து, பக்கவாட்டில் ஓடிக்கொண்டே போகிற அலை. கடைசியில் சேலம் மார்க்கெட்டில் மீன்காரர்களிடமே கேட்க ஆரம்பித்தேன். “மீன் வாங்காம அலை வாங்க வந்துட்டாரு வாத்தியாரு” என்று சிரிப்பார்கள்.

சிரிக்காதவர் மக்பூல் ஒருவர்தான். பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி. மாதம் ஒரு தடவை சேலத்துக்கு வருவார்.

“எங்க ஊரு முகத்துவாரத்துல அலை சைடு வாங்கினு ஓடும் சார். மழை முடிஞ்சி ஏரித்தண்ணி கடல அறுத்துக்கினு போவும்ல, அப்போ பாக்கணும்.”

பொங்கல் லீவில் போனேன்.

மக்பூல் என்னைப் படகில் ஏரியைக் கடத்தி அந்தக் குப்பத்துக்குக் கூட்டிப் போனார். கருவாடு எடை போட அவருக்கு அங்கே வேலை இருந்தது. என்னைப் பவுனம்மாள் வீட்டில் விட்டார். நாற்பது தாண்டிய விதவை. நல்ல உயரம். இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. சோறும் மடவை மீன் குழம்பும் போட்டுவிட்டு, வாசலில் சாய்த்திருந்த பலகையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இது இன்னா நைனா, ஒத்த மரமா கீது?”

“அலை மேல ஏறி வர்ற பலகைம்மா. இது மேல படுத்தா அலையே கரைக்குக் கொண்டு வந்துடும்.”

“தானாவா?”

“தானா.”

“எத்தினி வாட்டி போனாலும் கொண்டாந்துடுமா?”

“கொண்டு வந்துடும்மா.”

அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை.

முகத்துவாரத்துக்கு நான் தனியாகத்தான் நடந்தேன். பார்த்ததும் நின்றுவிட்டேன். மக்பூல் சொன்னது பொய்யில்லை. மணல் திட்டின் நுனியில் அலை எழுந்து, ஒரு துணியைக் கிழித்த மாதிரி நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக... இத்தனை வருடம் மலையில் இருந்துகொண்டு தேடிய அலை. கரையில் ஒரு ஆள் கூட இல்லை. மணி மூன்று இருக்கும்.

முதல் அலையிலேயே எழுந்து நின்றேன். கத்தினேன். தனியாகச் சிரித்தேன். மறுபடி உள்ளே போனேன்.

அப்போதுதான் அவனைப் பார்த்தேன்.

எனக்கு முன்னால், இன்னும் ஆழத்தில், ஒருவன் மரம் ஒன்றின் மேல் குப்புறப் படுத்திருந்தான். கட்டுமரத்திலிருந்து பிரிந்த ஒற்றை மரம். அலை வந்தது. அவனைத் தூக்கியது. அடடா... என்ன லாவகம்! அலையின் தோளில் ஒட்டிக்கொண்டு கடைசி வரை போனான். எனக்குப் பொறாமையாக இருந்தது. உள்ளூர்க்காரன், நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

கரைப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

டொக்.

மரத்தில் மரம் இடிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தால், அவன் மறுபடி ஆழத்தில் இருந்தான்.

எப்படிப் போனான்? அலைக்கு எதிராக உள்ளே போக எனக்கே வலிக்க வலிக்கக் கையால் துடுப்புப் போட வேண்டியிருந்தது. அவன் கையை அசைத்து நான் பார்க்கவே இல்லை.

மறுபடி அலை. மறுபடி அவன் கரை வரை போனான்.

டொக்... டொக்.

மறுபடி ஆழத்தில்.

“அண்ணே!” என்று கூப்பிட்டேன். கிட்டே போனேன். முதலில் கயிறு தெரிந்தது. இடுப்பைச் சுற்றி, மரத்தைச் சுற்றி, இறுக்கமாக... பிறகு முதுகு தெரிந்தது. கொப்புளம். ஊசி வைக்க இடமில்லாமல் கொப்புளம். வீங்கிப்போன முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது. கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

“கரை...”

அவ்வளவுதான் கேட்டது. நான் பலகையைத் திருப்பினேன். என் அலை வந்தது. ஏறிப் படுத்தேன். கரை போதும், வேறெதுவும் வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

டொக்.

பலகை அதிர்ந்து நின்றது.

கண்ணைத் திறந்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள். வரிசையாக. ஆண்கள், பெண்கள். மூக்கைச் சுற்றித் துணி. இடுப்பில் வேப்பிலைக் கொத்து. எல்லார் கையிலும் படகு தள்ளுகிற நீளக் கோல்.

இத்தனை பேர் எப்போது வந்தார்கள்?

“நான் மக்பூலோட வந்தவன்! வாத்தியார்!”

ஒரு கோல் என் நெஞ்சில் வந்து ஊன்றியது. தள்ளியது. நான் சரிந்து ஆழத்துக்குப் போனேன். அடுத்த அலை என்னைத் திரும்பக் கொண்டுவந்தது.

டொக்.

தள்ளினார்கள்.

அலை கொண்டுவந்தது. அது ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்தது... அவர்கள் ஒவ்வொரு தடவையும் தள்ளினார்கள். விலாவில். தோளில். தொண்டைக்குக் கீழே. யாரும் பேசவில்லை, திட்டவில்லை. அவர்கள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அழுதுகொண்டே தள்ளினார்கள்.

நடுவில் நின்றவள் சின்னப் பெண். இருபது வயது இருக்கும். நல்ல உயரம். மற்றவர்களை விட வேகமாகத் தள்ளியது அவள்தான். முகத்துத் துணி நழுவியது.

இடது கண்ணில்...

பூ.

பலகையை விட்டேன். தண்ணீருக்குள் மூழ்கினேன். கண்ணில் மணல். காதில் அந்தச் சத்தம்.

டொக். டொக். டொக்.

கால் தரையில் பட்டது.

எழுந்தேன்.

யாரும் இல்லை.

ஈர மணலில் ஒரு காலடி கூட இல்லை. என் பலகை மட்டும் அலைக்கு எதிராக, நேராக, கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

குப்பத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. பவுனம்மாள் வாசலில் நின்றாள். வெறும் உடம்பாக நின்ற என்னைப் பார்த்தாள். என் நெஞ்சிலும் விலாவிலும் வட்ட வட்டமாகக் கன்றிப் போயிருந்தது, ஒவ்வொன்றும் கோல் நுனி அளவுக்கு. கிட்டே வந்து ஒரு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“எத்தினி பேரு நின்னாங்க?”

“எண்ணலம்மா.”

“நா இருந்தனா?”

ஆமென்று தலையை ஆட்டினேன்.

“அழுதனா?”

“ஆமாம்மா.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “தள்ளுனது நெனப்பு கீது. அழுதனானு தான் எனுக்கு நெனப்பு இல்ல” என்றாள். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். மரத்தில் கட்டிக் கிடந்தவன் அவள் புருஷன். பெயர் சடையன். வடக்கே ஆந்திராப் பக்கம் வலை வேலைக்குப் போனவன். அது இருபது வருடத்துக்கு முந்தின கதை; அந்த வருடம் குப்பத்தில் பெரியம்மை. அவள் கைக்குழந்தையையும் சேர்த்துப் பதினோரு பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள். அம்மை வடிந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. அப்போதுதான் அவன் வந்தான். வரும் வழியில் கட்டுமரம் அவிழ்ந்து ஒற்றை மரமாகியிருந்தது. காய்ச்சலில் விழுந்துவிடாமலிருக்கத் தன்னை மரத்தோடு கட்டிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் கொப்புளம்.

“மிச்சம் கீற புள்ளைங்களாவது பொழைக்கணும்னு ஊரே கோலு எடுத்துச்சி. ‘உன் ஆளு, நீதான் மொதல்ல’ன்னு என் கையிலயும் ஒண்ணு குட்த்தாங்க. அலை கொண்டாந்து கொண்டாந்து உட்டுச்சி நைனா. பொழுது சாயற வரிக்கும். எம் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. அப்பறம் கூப்டல.”

பழைய வேட்டி ஒன்றைக் கொடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னாள்.

படகில் திரும்பும்போது மக்பூல்தான் கோல் ஊன்றினார். ஏரி நடுவில் வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கோலை ஊன்றுவதை மட்டும் நிறுத்தினார்.

“அந்தப் பொணம் எங்க பக்கம்தான் ஒதுங்குச்சி சார். எங்க வாப்பாதான் மொதல்ல பாத்தாரு. அம்மைப் பொணம்னு பயந்துக்கினு, ஊசி போட வந்த கவர்மெண்ட் டாக்டரு ஒருத்தரக் கூப்ட்டாங்க. அவரு பெரட்டிப் பெரட்டிப் பாத்துட்டு, இது அம்மையே இல்லன்னுட்டாரு.”

“பின்னே?”

“சொறி மீனு. கடல்ல கொழ கொழன்னு மெதக்குமே, அது. மரம் அவுந்து தண்ணில கெடந்தப்போ கூட்டத்துல மாட்டிக்கினாரு போல. உடம்பு பூரா சுட்டு, வீங்கி, காய்ச்சல் கண்டிருச்சி. கரைல ஏத்தி ரெண்டு நாளு படுக்கப் போட்டிருந்தா எழுந்து உக்காந்திருப்பாராம்.”

படகு அசையாமல் நின்றது.

“குப்பத்துல இது யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும். அந்தம்மாக்கு மட்டும் தெரியாது.”

“ஏன் இத்தனை வருஷமா யாரும் சொல்லல?”

மக்பூல் மறுபடி கோலை எடுத்தார்.

“எப்படியும் சாவப்போற மனுசனத்தான தள்ளுனேன்னு சொல்லிக்கினு அது பொழுத ஓட்டினு கீது சார். அத்தயும் புடுங்கிக்கச் சொல்றீங்களா?”