எடை நிற்கும்வரை

முந்திரி ஓட்டைச் சுட்டுக் கரியாக்குகிறவனுக்கு வீட்டில் மரியாதை கிடைக்காது. மங்கலம்பேட்டையிலிருந்து சாக்கில் கொண்டுவந்த ஓட்டை உலையில் ஏற்றினால், அந்த எண்ணெய்ப் புகை நாற்றம் சட்டையோடு சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் வரும். "வாசல்லயே சட்டையக் கழட்டுங்க" என்பாள் மனைவி. ஊரில் நான் ஆராய்ச்சி மாணவன். வாசலில் வெறும் உடம்போடு நிற்கும்போது அதெல்லாம் செல்லுபடியாகாது.

அந்தக் கரிக்குப் பெருமையே அதன் துளைகள்தான். கண்ணுக்குத் தெரியாத துளைகள் எவ்வளவு உண்டோ அவ்வளவு மின்சாரம் தங்கும். அலுமினியத் தாளில் கரி பூசிய இரண்டு தகடுகளுக்கு நடுவே அயனித் திரவத்தை விட்டு மூடினால் சூப்பர் கெப்பாசிட்டர் செல் தயார். பேட்டரியைவிட வேகமாகச் சார்ஜ் ஏறும். அயனித் திரவம் என்பது தண்ணீரே இல்லாமல் திரவமாக இருக்கும் ஓர் உப்பு. அதில் ஈரம் சேர்ந்தால் போச்சு, மின்னழுத்தத்தை ஏற்றும்போது அந்த ஈரம் வாயுவாகப் பிரிந்து செல்லைக் கெடுத்துவிடும்.

ஆனி மாத மேல்காற்றில் நான் செய்த ஒரு செல் அருமையாக வேலை செய்தது. கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினோம். இன்னும் சில செல்கள் செய்து காட்டுங்கள் என்று பதில் வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செய்த செல்லெல்லாம் பாதி மின்னழுத்தத்திலேயே படுத்துவிட்டன. திரவத்தை மாற்றினேன், கரியை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனுஷர். ஒருநாள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "அந்த ஒரு செல்லு நெஜமாவே வந்துச்சாப்பா? இல்லன்னா கட்டுரைய வாபஸ் வாங்கிடலாம். ஒண்ணும் அசிங்கமில்ல" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னைப் பொய்யன் என்று நினைத்துவிட்டாரே. "வந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் சாப்பாடு போட்டாள்.

மறுநாள் கோபத்தையெல்லாம் தராசுமேல் காட்டினேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டை அடுப்பில் உலர்த்தி, ஆறவிட்டு, தராசில் வைத்து, எண் அசையாமல் நின்ற பிறகுதான் எடையைக் குறிக்க வேண்டும். அவசரப்படுகிறவன் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். மழை நாளில் அந்த எண் ஏறிக்கொண்டே போகும். நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

"இந்தத் தராசு செத்துப்போச்சு மச்சான்" என்றேன், கூட வேலை செய்யும் நண்பனிடம்.

அவன் கரி பூசாத வெறும் அலுமினியத் தாளை எடுத்துத் தராசில் வைத்தான். எண் உடனே நின்றது. "தராசு நல்லாத்தான்டா கீது" என்றான்.

அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எடை ஏறியதற்குக் காரணம் கரி. காற்றிலிருந்த ஈரத்தை அது குடித்துக்கொண்டிருந்தது. அதற்கு வயிறு நிரம்பும்வரை மரியாதையாகக் காத்திருந்து, நிரம்பியதும் எடுத்துப்போய்த் தண்ணீரே ஆகாத திரவத்தில் போட்டிருக்கிறோம். எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தோமோ அவ்வளவும் கெடுதல். மேல்காற்று வறட்சியாக அடித்த நாளில் அது குடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தமுறை உலர்த்துவதற்கு முன்பே எடை போட்டோம். "எடை தப்பா வருமேடா" என்று நண்பன் இழுத்தான். ஈரத்தின் எடையைத் தனியாக அளந்து கழித்துக்கொள்ளலாம் என்றேன். பிறகு தகட்டை வெற்றிடத்தில் சூடாக்கி, வெளிக்காற்றே படாமல், ஈரமில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளி அங்கேயே செல்லை மூடினோம்.

மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற, வழக்கமாகப் படுக்கும் இடத்தைத் தாண்டித் திரையில் கோடு போனது. ஆனி மாதத்துக் கோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்தது. அடுத்த செல்லும் அப்படியே வந்தது. பேராசிரியர் வந்து பார்த்தார், என் தோளில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. எனக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மனைவிக்குப் போன் செய்தேன். "வந்துடுச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க வந்து சொன்னப்ப, எனக்கும் ஒரு சந்தேகம் வந்துடுச்சுங்க" என்றாள்.

"எனக்குந்தான்" என்றேன்.