வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கவும்

க்ளெனிஸ் டட்டன் கீபோர்டில் கை வைப்பதற்கு முன் வாட்ச்சைக் கழற்றுவார். வாரை ஒரே விரலால் நெம்பி அவிழ்த்து, பிஸ்கட் டப்பாவின் மூடிமேல் சத்தமில்லாமல் வைப்பார். பிறகு இடது காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, வலது காதின் மேல் விழும் முடியைப் பின்னால் ஒதுக்குவார். இடது காது மிஷினுக்கு, வலது காது மனிதர்களுக்கு. ஊர் மருத்துவமனையின் டெலிபோன் போர்டில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்து வந்த பழக்கம். கண் முழுவதும் போனது இருபத்தாறு வயதில். மருத்துவமனையில் வருஷாவருஷம் நடக்கும், ஃபுட்பால் ஆட்டங்களின் முடிவை ஊகிக்கும் போட்டியில் அவர்தான் ஜெயிப்பார். டாக்டர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

நான் ஹெரன் பாயின்ட் கவுன்சிலின் வெப்சைட்டைக் கட்டியவன். ஊனமுற்றவர்களும் பயன்படுத்தத் தோதாக இருக்கிறதா என்று தானாகச் சரிபார்க்கும் கருவி ஒன்று உண்டு. அது எனக்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருந்தது. அந்தத் தாளை அச்செடுத்து என் மேஜையில் ஒட்டியிருந்தேன், அம்மாவுக்கும் ஒரு படம் அனுப்பியிருந்தேன். ஆனாலும் நிஜ மனிதர் ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று விதி. அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு க்ளெனிஸின் சமையலறையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு விதி, பார்ப்பவன் வாய் திறக்கக்கூடாது, உதவக்கூடாது. என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த ஒரே விதி அது.

"நீ மூச்சு விடுறது மட்டுந்தான் கேக்குது கண்ணு. பேசவே கூடாதா?"

"கூடாதுங்க. பேசினா சோதனை கெட்டுடும்."

"என் தங்கச்சி புருஷன் கிட்ட இதக் கொஞ்சம் சொல்லேன்."

எனக்கும் கேட்கட்டும் என்று இயர்போனைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினார். திரையைப் படித்துச் சொல்லும் குரல் தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி கிளம்பியது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எனக்காக வேகத்தைக் குறைத்தார்.

முதல் வேலை, குப்பை வண்டி என்றைக்கு வரும் என்று கண்டுபிடிப்பது. பக்கம் திறந்ததும் குரல் சொன்னது: "படம். மாலையில் கடல், கரும்பாறையில் தன் நகங்களைத் தீட்டிக்கொண்டிருக்கிறது."

க்ளெனிஸ் நிறுத்தினார். "யாரு எழுதினது இது?"

"நான்தான்." பார்வையற்றவர்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும். புதுக்கவிதை படிக்கிறவனிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

"எல்லாப் பக்கத்துலயும் இந்தப் படம் இருக்கு. குப்பைத் தொட்டிய எப்ப வெளிய வைக்கணும்னு பாக்க வர்றவளுக்கு, ஒவ்வொரு தடவையும் கடல் நகம் தீட்டுது. ஒருநாளாவது தீட்டி முடிக்குமா?"

"எடுத்துடறேங்க" என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கடைசி வேலை அவர் விருப்பத்துக்கு விட்டது. "பஸ் ஸ்டாப் விஷயமா ஆட்சேபம் எழுதணும். இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது" என்றார்.

அவர் வீட்டு வாசலில் இருக்கும் ஸ்டாப்பை நெடுஞ்சாலையின் அந்தப் பக்கத்துக்கு மாற்றக் கவுன்சில் திட்டமிட்டிருந்தது. அங்கே சிக்னல் கிடையாது.

"காலைல ஆறு அம்பது பஸ்ஸு. அந்த நேரத்துலதான் மரம் ஏத்தின லாரியெல்லாம் இறங்கும். மாத்திட்டா வேலைய விட்டுட வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே, நான் பென்சில் சீவி முடிப்பதற்குள் ஒரு பக்கம் அடித்துவிட்டார். அனுப்பு என்ற பட்டனை அழுத்தினார்.

"பிழை. வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கவும்."

வரைபடத்தைத் தேடினார். பட்டன், பட்டன், இணைப்பு, பட்டன். வரைபடம் எங்கும் இல்லை. எப்படி இருக்கும்? கருத்து எந்த இடத்தைப் பற்றியது என்று மவுஸால் மட்டுமே புள்ளி வைத்துக் காட்ட முடிந்த அந்த வரைபடத்தை இரண்டு வாரம் உழைத்துச் செய்தவன் நான். சரிபார்க்கும் கருவி அதில் நாற்பது குற்றம் கண்டுபிடித்ததும், அந்தக் கருவிக்கும், கூடவே திரையைப் படிக்கும் குரலுக்கும் தெரியாதபடி அதை மறைத்துவைத்தவனும் நான். நூற்றுக்கு நூறு வந்தது அப்படித்தான்.

மணி நான்கு முப்பத்தெட்டு. விதிப்படி வாயை மூடிக்கொண்டு, "பயனர் சற்றுத் தடுமாறுகிறார்" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

"கண்ணு, இந்தப் பரீட்சைல நான் ஃபெயிலா?"

"இல்லைங்க. நான்தான்."

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வெப்சைட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் ஆபீஸின் பரிசுத்தமான சட்டம். என் மேலாளர் ராஸ்லினுக்கு இரண்டு முறை ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, படிவத்தின் நிரலில் புள்ளி கட்டாயம் என்று சொல்லும் ஒரே ஒரு சொல்லை அழித்தேன். அவசரத்தில் பக்கத்துச் சொல்லையும் அழித்து, திரும்ப அடித்தேன். நான்கு ஐம்பத்தொன்று.

"பக்கத்த மறுபடி திறக்கணுங்க. எழுதினது போயிடும்" என்றேன், தரையைப் பார்த்து.

"போகும்னு தெரியும். தனியா எடுத்து வச்சிருக்கேன். உங்க வெப்சைட்ட எனக்குத் தெரியாதா?"

ஒட்டினார், அழுத்தினார்.

"உங்கள் கருத்து பெறப்பட்டது."

 க்ளெனிஸ் டீக்குக் கெட்டிலைப் போட்டார். எலுமிச்சை கேக்கில் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் கடிதத்தைப் படித்தார்கள். வந்த ஆட்சேபம் அது ஒன்றுதான். ஸ்டாப் அவர் வாசலிலேயே இருக்கிறது.

சட்டத்தை மீறியதற்கு விளக்கம் எழுதச் சொன்னார் ராஸ்லின். அதற்காக வெப்சைட்டின் பதிவேட்டைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே க்ளெனிஸ் பதினொரு முறை அதே கடிதத்தை அனுப்பப் பார்த்து, பதினொரு முறையும் அதே புள்ளியில் நின்றிருக்கிறார். சோதனைக்கு ஆள் தேவை என்ற எங்கள் அறிவிப்புக்கு அவர் மின்னஞ்சல் வந்தது, பதினோராவது முறைக்கு நாற்பது நிமிஷம் கழித்து. அதில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: படிவத்தைச் செய்தவரே நேரில் வர வேண்டும்.